குளிர்நில உள்ளாடை: கரிபுத் தோல் முதல் மெரினோ கம்பளி வரை

பனிப்பரப்பில் வேட்டைக்குச் செல்பவருக்கும் சறுக்குக்கட்டை பூட்டி மலையேறி இறங்குபவருக்கும் வெளியிலிருந்து தாக்கும் குளிரைவிட, உடலிலிருந்து சுரக்கும் வியர்வையே சில வேளைகளில் பெரிய இடராகிவிடுகிறது. அசையாத காற்றைக் காட்டிலும் நீர் ஏறத்தாழ 25 மடங்கு மிகுதியாக வெப்பத்தைக் கடத்துவதாலும், ஒரு லிட்டர் வியர்வை ஆவியாக ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பம் செலவாவதாலும், ஏற்றத்தில் நனைந்த உள்ளாடை நடை நின்றதும் உடலைச் சுற்றிய ஈரத்துணியாகிவிடுகிறது. ஆகவே, தோலை ஒட்டிய அடுக்கில் வியர்வையை என்ன செய்வது என்னும் கேள்விக்கு வெவ்வேறு காலத்தவர் கண்ட விடைகளே குளிர்நில உள்ளாடையின் வரலாறாக அமைகின்றன.

அவற்றுள் நெடுங்காலம் நிலைத்தது, வட அமெரிக்க ஆர்க்டிக் பகுதியின் இனுயிட் வேட்டைக்காரர்கள் கண்ட விடை. கரிபு எனப்படும் துருவமானின் தோலில் இரண்டு அங்கிகளைத் தைத்து, உள்ளங்கியின் மயிர் உடலை நோக்கியும் வெளியங்கியின் மயிர் புறத்தை நோக்கியும் இருக்குமாறு அவர்கள் அணிந்தனர். கரிபு மயிரின் உள்ளேயே காற்றறைகள் இருந்ததால் அது குளிரைத் தடுத்தது. அங்கி தளர்வாக இருந்ததால், ஓடும்போது கழுத்துப் பக்கத்தைத் திறந்து ஈரக்காற்றை வெளியேற்றவும், கடல்நாயின் மூச்சுத்துளையருகே மணிக்கணக்கில் அசையாமல் காத்திருக்கும்போது இறுக்கி மூடிக்கொள்ளவும் முடிந்தது. மயிரில் படிந்த உறைபனியை வீட்டுக்குள் நுழையும்முன் கோலால் தட்டி உதிர்ப்பது வழக்கமாக இருந்தது. 1903 முதல் 1905 வரை நெட்சிலிக் இனுயிட் மக்களின் அண்டையில் தங்கிய நோர்வே பயணி ரோல்ட் அமுண்ட்சென் இவ்வுடையைக் கற்றுக்கொண்டு, பின்னர் தென்துருவப் பயணத்திலும் தோலாடைகளைப் பயன்படுத்தினார்.

ஐரோப்பியர் பெரும்பாலும் நம்பியது கம்பளியை. ஸ்டுட்கார்ட் நகரின் விலங்கியல் அறிஞர் குஸ்தாவ் யேகர் 1880இல் வெளியிட்ட நூலில், பருத்தியும் லினனும் உடலின் கழிவு ஆவிகளைத் தேக்கி நோய் விளைவிக்கும் என்றும், விலங்கு இழைகளே அவற்றை வெளியேற்றும் என்றும் வாதிட்டார். அந்த மருத்துவ விளக்கம் நிலைக்கவில்லை. எனினும் தோலை ஒட்டிக் கம்பளியே இருக்க வேண்டும் என்ற அவருடைய முடிவு குளிர்நிலத்துக்குப் பொருந்தியது. அவருடைய கருத்தால் ஈர்க்கப்பட்ட லூயிஸ் டோமலின் 1884இல் லண்டனில் தொடங்கிய யேகர் நிறுவனத்தின் கம்பளி ஆடைகள் துருவப் பயணக் குழுக்களையும் சென்றடைந்தன.

எனினும் கம்பளிக்கும் எல்லை உண்டு என்பதை 1911ஆம் ஆண்டின் அண்டார்க்டிக் குளிர்காலம் காட்டியது. பிரிட்டிஷ் துருவப் பயணி ஸ்காட்டின் குழுவைச் சேர்ந்த வில்சன், பவர்ஸ், செரி-கரார்ட் ஆகிய மூவரும் பெங்குவின் முட்டைகளைத் தேடிக் குரோசியர் முனைக்குத் தாமே சறுக்குவண்டி இழுத்துச் சென்றபோது வெப்பநிலை மைனஸ் 60 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியது. உழைப்பில் சுரந்த வியர்வை வெளியேற வழியின்றி ஆடைக்குள்ளேயே பனிக்கட்டியாக உறைந்தது. கூடாரத்தை விட்டு வெளிவந்த சில நொடிகளில் ஆடை தகடுபோல் விறைத்துவிடுவதால், வண்டி இழுப்பதற்கேற்ற நிலையில் குனிந்துகொள்ள அவர்கள் பழகினர்.

காற்றையே இழையாகக் கொள்வதுபோன்ற விடை நோர்வேயிலிருந்து வந்தது. அந்நாட்டுப் படை அதிகாரி ஹென்ரிக் புருன் 1930களில் பழைய மீன்வலையைக் கொண்டு உள்ளாடை தைத்துப் பார்த்தார்; வலைக்கண்களில் தங்கும் காற்று உடல் வெப்பத்தைக் காக்க, மேலாடையைத் திறந்தால் அதே கண்கள் வழியே ஈரம் வெளியேறியது. கவசம் என்று பொருள்படும் பிரின்யே என்னும் பெயருடைய நிறுவனம் இதைத் தயாரித்தது. 1953இல் எவரெஸ்ட் சென்ற பிரிட்டிஷ் குழுவினரும் இத்தகைய வலைப்பனியனை எடுத்துச் சென்றனர். தமிழகத்துக் கோடையில் புழுக்கத்துக்காக அணியப்படும் வலைப்பனியனும் அதே வடிவினதே. மேலே மூடினால் வெம்மை, திறந்தால் குளிர்ச்சி என்பது அவ்வடிவின் இயல்பு.

அடுத்த மாற்றம் வேதியியலால் நேர்ந்தது. இத்தாலிய வேதியியலாளர் ஜூலியோ நாட்டா 1954இல் உருவாக்கிய படிகத்தன்மையுள்ள பாலிபுரோப்பிலீன் நீரை ஏறத்தாழ உறிஞ்சுவதேயில்லை என்பதால், அவ்விழையில் நெய்த ஆடை வியர்வையைத் தன்னுள் வாங்காமல் மேலடுக்குக்குக் கடத்தியது. நோர்வேயின் ஹெல்லி ஹான்சென் நிறுவனம் 1970களில் இதில் உள்ளாடை செய்தது. அமெரிக்காவின் படகோனியா 1980இல் பின்தொடர்ந்து, வியர்வை கடத்தும் உள்ளடுக்கு, வெப்பம் காக்கும் நடுவடுக்கு, காற்றும் மழையும் தடுக்கும் மேலடுக்கு என்னும் மூவடுக்கு முறையை மலையேறுவோரிடையே பரப்பியது. ஆயினும் அவ்விழை வணிகச் சலவையகங்களின் உலர்த்தும் இயந்திரச் சூட்டில் உருகியது, உடல் எண்ணெயைப் பற்றிக்கொண்டு நாறியது. ஆதலால் அந்நிறுவனம் 1985இல் பாலியெஸ்டருக்கு மாறியது.

நாற்றம் சறுக்கு விளையாட்டாளருக்கு வெறும் தொல்லை. காற்றின் திசையில் மனித வாடையை உணர்ந்து விலங்கு விலகிவிடும் என்பதால் வேட்டைக்காரருக்கோ அது தோல்வி. 1990களின் நடுப்பகுதியில் நியூசிலாந்தின் ஐஸ்பிரேக்கர் போன்ற நிறுவனங்கள் மெரினோ கம்பளியில் உள்ளாடை செய்தபோது அது வரவேற்கப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம். ஏறத்தாழ 20 மைக்ரானுக்கு உட்பட்ட நுண்ணிழை ஆதலால் அது தோலைக் குத்துவதில்லை. தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீராவியை ஏற்றும் நனைந்ததாகத் தோன்றுவதில்லை. நாற்றத்தையும் எளிதில் வெளிவிடுவதில்லை. ஆனால் ஒருமுறை நன்றாக நனைந்தால் செயற்கை இழையைவிட மெதுவாகவே உலர்கிறது.

எனவே தொடர்ந்து உழைத்து வியர்க்கும் சறுக்கு விளையாட்டாளருக்கு விரைவில் உலரும் மெல்லிய பாலியெஸ்டரும், சிறிது நடந்து நெடுநேரம் காத்திருக்கும் வேட்டைக்காரருக்கு மெரினோவும் பொருந்துகின்றன. மெரினோ நூலிலேயே வலைப்பனியன் பின்னப்படும்போது யேகரின் இழையும் புருனின் கண்களும் ஒன்றுசேர்கின்றன. எனினும் எந்த இழையாலும் வியர்வையை முற்றிலும் கடத்திவிட முடியாததால்தான் குளிர்நில உள்ளாடைகள் பலவற்றில் கழுத்திலிருந்து நெஞ்சுவரை ஜிப் வைக்கப்படுகிறது; ஏற்றத்தில் அதைத் திறந்து, காத்திருக்கையில் மூடுபவர் இனுயிட் வேட்டைக்காரர் கரிபு அங்கியில் செய்ததையே செய்கிறார்.