ஆயுதச் சட்டமும் பள்ளிக்கூட வாயிலும்

காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு அலுவலகம் செல்லும் பெற்றோரே நம் சங்கத்தில் பெரும்பாலோர். அமெரிக்கப் பள்ளி ஒன்றில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்ததெனச் செய்தி வரும்போதெல்லாம், "நம் நாட்டிலும் இவ்வாறு நேருமோ?" என்ற அச்சம் அவர்தம் உள்ளத்தில் எழுவது இயல்பே. துப்பாக்கியைக் கட்டுப்படுத்துவதா, வேண்டியவர் கையிலெல்லாம் கொடுப்பதா என்னும் விவாதம் அந்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. நம் நாடும் அதனை ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் விவாதித்தே ஒரு முடிவுக்கு வந்தது. அச்சரித்திரத்தில் நாம் வாழும் புனே நகருக்கும் பங்கு உண்டு. அதனைச் சுருக்கமாக எடுத்துரைக்க விழைகின்றோம்.

1878 ஆம் ஆண்டு, லிட்டன் பிரபு வைசிராயாக இருந்தபோது, ஆயுதச் சட்டம் பிறந்தது. உரிமமின்றி இந்தியர் துப்பாக்கி வைத்திருத்தல் குற்றமாயிற்று. ஐரோப்பியருக்கோ விலக்கு அளிக்கப்பட்டது. ஆயுதத்தை இழந்ததைக் காட்டிலும், நம்பத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டதே நம்மவரைப் பெரிதும் வருத்திற்று. 1887 இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபை இச்சட்டத்தைத் திருத்துமாறு தீர்மானம் நிறைவேற்றியது. அகிம்சையே உயிரெனக் கொண்ட காந்தியடிகளும் 1918 இல் வெளியிட்ட துண்டறிக்கை ஒன்றில் இதனை ஆங்கில ஆட்சியின் மிகக் கொடிய செயல்களுள் ஒன்றாகக் கண்டித்தார்.

சட்டம் கடுமையாக இருந்தும் துப்பாக்கி மறைந்துவிடவில்லை. பிளேக் நோய்த் தடுப்பின் பெயரால் வீடு புகுந்து நடத்திய சோதனைகளால் புனே மக்கள் கொதிப்புற்றிருந்த காலத்தில், 1897 ஜூன் 22 அன்று, கணேஷ்கிண்ட் சாலையில் ராண்ட் என்னும் அதிகாரியும் அயர்ஸ்ட் என்னும் இராணுவ அதிகாரியும் சுடப்பட்டனர். அதன்பொருட்டுச் சாபேகர் சகோதரர்கள் தூக்குமேடை ஏறினர். 1911 ஜூன் 17 அன்று நம் திருநெல்வேலிச் சீமையில், மணியாச்சிச் சந்திப்பில் நின்ற புகைவண்டிப் பெட்டியினுள் கலெக்டர் ஆஷ் சுடப்பட்டார்; சுட்ட வாஞ்சிநாதனும் அங்கேயே தம் உயிரை மாய்த்துக்கொண்டார். புகைவண்டித் துறையில் பணிபுரியும் நாம் அந்நிலையத்தின் பெயரைக் கேட்கும்போதெல்லாம் இதனை நினையாதிருத்தல் இயலாது. மக்கள் தமதென ஏற்காத சட்டம், அதனை இயற்றியவரையும் காக்கவில்லை.

1931 இல் கராச்சி காங்கிரஸ், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் தாங்குவதைக் குடிமக்களின் உரிமைகளுள் ஒன்றாக அறிவித்தது. எனவே விடுதலை வந்ததும் ஆயுதச் சட்டம் ஒழியும் என்றே பலர் எதிர்பார்த்தனர். ஆனால் 1948 ஜனவரி 30 அன்று, உரிமமற்ற கைத்துப்பாக்கி ஒன்று காந்தியடிகளின் மார்பைத் துளைத்தது. சுட்டவன் இந்தப் புனே நகரில் பத்திரிகை நடத்தியவன் என்பது நமக்கு நீங்காத துயரம். அதே ஆண்டு டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில், ஆயுதம் தாங்குவதை அடிப்படை உரிமையாக்க வேண்டுமென எச். வி. காமத் திருத்தம் கொண்டுவந்தார். ஒவ்வொருவரும் கடைக்குச் சென்று விரும்பிய ஆயுதத்தை வாங்கலாமெனில் அரசு நடத்துவது எங்ஙனம் என வினவி, டாக்டர் அம்பேத்கர் அதனை மறுத்தார். திருத்தம் தோற்றது. பழைய சட்டத்துக்கு மாறாக 1959 இல் நம் பாராளுமன்றமே புதிய ஆயுதச் சட்டத்தை இயற்றியது. 1962 அக்டோபர் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. முன்னோர் எதிர்த்தது அந்நியன் இழைத்த அவமதிப்பை. விடுதலை பெற்றபின் ஏற்றதோ நாமே நமக்கு இட்டுக்கொண்ட கட்டுப்பாட்டை. இவ்விரண்டினுக்கும் முரண் இல்லை.

பிறநாடுகளைப் பார்ப்போம். 1996 இல் ஸ்காட்லாந்தின் டன்பிளேன் பள்ளியில் 16 குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் மாண்டனர். மறு ஆண்டே பிரிட்டன் தனியார் கைத்துப்பாக்கிகளை ஏறக்குறைய முற்றிலும் தடைசெய்தது. 2012 இல் அமெரிக்காவின் நியூடவுன் நகரில் 20 குழந்தைகளும் பள்ளியைச் சேர்ந்த 6 பெரியவர்களும் கொல்லப்பட்டனர். துப்பாக்கிகள் கொலைஞனின் தாய் முறைப்படி வாங்கி வைத்திருந்தவை. 2022 இல் யுவால்டி நகரில் 19 குழந்தைகளையும் இரு ஆசிரியைகளையும் கொன்றவன் 18 வயதினன். அவனும் கடையில் சட்டப்படியே வாங்கினான். நம் நாட்டிலோ 1983 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 21 வயது நிரம்பாதவர்க்குப் பொதுவாகத் துப்பாக்கி உரிமம் இல்லை. ஒருவர் வைத்திருக்கக்கூடியவை மூன்று என்றிருந்ததும் 2019 இல் இரண்டாகக் குறைக்கப்பட்டது.

ஆயினும் சட்டத்தின் கை வீட்டு வாயிலோடு நின்றுவிடுகின்றது. 2007 டிசம்பர் 11 அன்று குர்கான் நகரப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் சக மாணவர் இருவரால் சுட்டுக் கொல்லப்பட்டான். அத்துப்பாக்கி, அவ்விருவருள் ஒருவனுடைய தந்தையின் வீட்டிலிருந்து வந்தது! நியூடவுனில் தாயின் துப்பாக்கி. குர்கானில் தந்தையின் துப்பாக்கி. ஆசிரியருக்கு ஆயுதம் கொடுத்தால் பள்ளி காக்கப்படும் என வாதிடுவோர் இதனைச் சிந்திப்பாராக. பள்ளி வாயிலில் நிறுத்தும் காவலைவிட, வீட்டு அலமாரியின் பூட்டே முதற்காவல். அதனினும் முற்பட்டது, பிள்ளையின் சினத்தையும் மனத்துயரையும் பொறுமையோடு கேட்டறியும் பெற்றோரின் செவி.

அன்பர்களே! எண்பது ஆண்டுகள் வாதிட்டு நம் முன்னோர் கண்ட முடிவு எளிதில் கைவிடத்தக்கதன்று. அச்சட்டத்தைக் காப்பது அரசின் கடன். வீட்டைக் காப்பது நம் கடன். நம் பிள்ளைகள் புத்தகப் பையன்றி வேறொன்றையும் சுமவாது பள்ளி செல்வார்களாக!