மறுக்கப்பட்ட மனுவுக்கு விடை: தமிழ்நாட்டில் நலத்தொகை மேல்முறையீடு வளர்ந்த விதம்

வருவாய்த்துறைச் சொல்வழக்கில் ‘தள்ளுபடி’ என்ற சொல்லுக்கு இரண்டு முகங்கள் உண்டு. கடனைத் தள்ளுபடி செய்தால் குடியானவர் பிழைத்தார். மனுவைத் தள்ளுபடி செய்தால் அவர் வெறுங்கையோடு வீடு திரும்புகிறார். ஒன்றுக்கொன்று எதிரான இந்த இரண்டு செயல்களையும் ஒரே சொல் குறிப்பதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. இரண்டிலும் முடிவெடுப்பவர் மேலே இருப்பவர். கீழே இருப்பவரிடம் காரணம் சொல்லும் கடமை அவருக்கு நெடுங்காலம் இருந்ததில்லை. தமிழ்நாட்டில் அரசு நலத்தொகைகளின் வரலாற்றை எழுதுவோர் எந்த ஆண்டில் எந்தத் திட்டம் வந்தது, தொகை எவ்வளவு உயர்ந்தது என்பதையே பெரும்பாலும் பதிவு செய்கிறார்கள். மறுக்கப்பட்டவருக்கு என்ன வழி இருந்தது என்ற கேள்வியிலிருந்து தொடங்கினால் அதே வரலாறு வேறு உருவம் கொள்கிறது. தொகையைப் பெறும் வாய்ப்பு விரிந்த வேகத்தில், அது ஏன் கிடைக்கவில்லை என்று அறியும் உரிமை விரியவில்லை என்பதும், 2023-இல் திறந்த மேல்முறையீட்டு வாசல்கூட அந்த இடைவெளியைப் பாதியே அடைத்தது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

தொடக்கத்தைத் தேட 1831-க்குப் போக வேண்டியிருக்கிறது. அவ்வாண்டின் சென்னை மாகாண ஒழுங்குவிதி 4, அரசு வழங்கிய பண மானியம், நிலவரி மானியம் ஆகியவை பற்றிய வழக்குகளை நீதிமன்றங்கள் விசாரிப்பதைத் தடுத்தது. நாற்பது ஆண்டுகள் கழித்து 1871-ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டம் அதே தடையை இந்திய அளவில் உறுதிப்படுத்தியது. அதன் 4-ஆம் பிரிவின்படி, பிரிட்டிஷ் அரசோ அதற்கு முந்தைய அரசுகளோ அளித்த ஓய்வூதியம் அல்லது பண மானியம் குறித்து எந்த உரிமையியல் நீதிமன்றமும் வழக்கை ஏற்கக் கூடாது. உரிமை கோருபவர் கலெக்டரிடம் போக வேண்டும். கலெக்டர் சான்று கொடுத்தால் மட்டுமே நீதிமன்றம் அதைத் தொடலாம். யாருடைய கை தொகையை நிறுத்தியதோ அந்தக் கையிடமே வழக்குக்கும் அனுமதி கேட்கச் சொல்லும் ஏற்பாடு இது. அரசின் பணம் கொடை, கொடையைக் கணக்குக் கேட்க முடியாது என்ற கருத்து இவ்வாறு சட்டத்தின் எழுத்தாகவே இருந்தது.

அரசு மானியம் பெற்ற பழைய இனாம்தாரரும் அரசியல் ஓய்வூதியம் பெற்ற குடும்பங்களும் வேறு, இருபதாம் நூற்றாண்டின் ஏழை மூதாட்டி வேறு. இருவரையும் ஒரே கோட்டில் வைக்கலாமா என்று ஒருவர் கேட்கலாம். பெறுபவர்கள் வேறுதான், சட்டமும் வேறுதான். ஆனால் மனு போகும் பாதை மாறவில்லை. 1962 ஏப்ரல் 1-இல் சென்னை மாநிலத்தில் முதியோர் ஓய்வூதியத் திட்டம் தொடங்கியபோது, அதைத் தனித்துறை எதுவும் ஏற்று நடத்தவில்லை. நிலவரி வசூலித்த அதே வருவாய்த்துறையின் கையில்தான் கொடுத்தார்கள். மாதம் 20 ரூபாய்க்கான மனு கிராமத்தின் கர்ணம், மணியக்காரரிடமிருந்து வருவாய் ஆய்வாளருக்கும், அவரிடமிருந்து தாசில்தாருக்கும் சென்றது. கிராமத்தில் விசாரித்தவர் பெரும்பாலும் பரம்பரையாக அப்பதவியில் இருந்த குடும்பத்தவர்; 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகளை ஒழிக்கும்வரை அந்நிலை நீடித்தது. ஆக முதல் பதினெட்டு ஆண்டுகள், ஊரில் யார் ‘ஆதரவற்றவர்’ என்பதை, அதே ஊரின் நிலத்தோடும் சாதியோடும் பின்னிக் கிடந்த ஒரு குடும்பத்தின் அறிக்கையே பெரிதும் தீர்மானித்தது.

‘ஆதரவற்ற’ என்ற அந்த அடைமொழி சற்று நின்று பார்க்கத் தக்கது. மாற்றுத்திறனாளிகளுக்கு 1974, கைம்பெண்களுக்கு 1975, விவசாயத் தொழிலாளர்களுக்கு 1981, கணவரால் கைவிடப்பட்டோருக்கு 1986 என்று அடுத்தடுத்து வந்த ஓய்வூதியங்களிலும் இந்த ஆதரவின்மையே தகுதியின் மையம். வயதைச் சான்றிதழில் காட்டலாம், நிலத்தைப் பட்டாவில் காட்டலாம். ஆதரவு இல்லை என்பதை எதில் காட்டுவது? வளர்ந்த மகன் இருக்கிறான் என்பது பதிவேட்டில் தெரியும். அவன் சோறு போடுவதில்லை என்பது எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. இல்லாத ஒன்றை மெய்ப்பிக்கும் சுமை மனுதாரர் தலையில் விழுந்தது. நம்புவதும் நம்பாததும் விசாரிக்க வந்தவர் விருப்பம். இந்தக் காலத்தின் மேல்முறையீடு நடைமுறையில் மறுமனுதான். ஜமாபந்தியில் ஒரு மனு, திங்கட்கிழமைக் குறைதீர் நாளில் கலெக்டரிடம் ஒரு மனு. ஒவ்வொரு மனுவும் புதிதாகத் தொடங்கும். முந்தைய மறுப்பின் காரணத்தை யாரும் எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை. கலெக்டர் மனுவின் மேல் எழுதும் குறிப்போடு அது சுற்றிவந்து மறுத்த அலுவலகத்துக்கே சேரும். கிராமத்தார் ‘ஓ.ஏ.பி. பணம்’, அதாவது முதியோர் ஓய்வூதியம், வாங்க அலையாய் அலைந்த கதை என்று சொல்வது இந்தச் சுற்றைத்தான்.

நீதிமன்றங்களில் மாற்றம் முன்னதாகவே தொடங்கிவிட்டது. ஆனால் அது தாலுகா அலுவலகம் வந்துசேரப் பல ஆண்டுகளாயின. 1971-இல் பீகார் அரசு ஊழியர் தேவகிநந்தன் பிரசாத்தின் வழக்கில், ஓய்வூதியம் அரசின் விருப்பப்படி கொடுக்கும் கொடை அன்று, உரிமை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1871 சட்டத்தின் 4-ஆம் பிரிவு, கோரிக்கையை முறையாகப் பரிசீலிக்குமாறு பேராணை பிறப்பிப்பதைத் தடுக்காது என்றும் அத்தீர்ப்பு கூறியது. 1990-இல் எஸ்.என். முகர்ஜி வழக்கில், நீதித்தன்மை வாய்ந்த முடிவெடுக்கும் நிர்வாக அதிகாரி, சட்டம் விலக்கு அளித்தாலொழிய, காரணங்களைப் பதிவு செய்ய வேண்டும் என்று அரசியல் சாசன அமர்வு தெளிவுபடுத்தியது. முதல் வழக்கு அரசு ஊழியருடையது, இரண்டாவது ராணுவ அலுவலருடையது. ஓய்வூதியமோ பதவியோ உள்ளவர்களுக்குக் கிடைத்த இந்த நியாயம் வறியவரின் உதவித்தொகையைத் தொட்டது 2001-இல்தான். உணவு உரிமை வழக்கில் அவ்வாண்டு நவம்பர் 28-இல் பிறந்த இடைக்கால ஆணை, 1995-இல் மத்திய அரசு தொடங்கிய தேசிய முதியோர் ஓய்வூதியம் உள்ளிட்ட எட்டுத் திட்டங்களின் பயன்களைச் சட்டப்படியான உரிமைகளாக மாற்றியது. நான்கு ஆண்டுகள் கழித்து வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4(1)(ஈ) பிரிவு, நிர்வாக முடிவுகளால் பாதிக்கப்படுவோருக்கு அவற்றின் காரணங்களைத் தர வேண்டும் என்றது. கவனிக்க: இது மனு போட்டுக் கேட்ட பிறகு தருவதைப் பற்றியதன்று, கேட்காமலே தர வேண்டிய கடமை. அச்சட்டத்தின் விண்ணப்பப் பிரிவுகளைப் பற்றி எழுதியவர்கள் பலர். ஏழைகளுக்கு அதிகம் பயன்படக்கூடிய இந்தப் பிரிவு ஏனோ ஓரத்தில் கிடக்கிறது.

இந்தப் பின்னணியில்தான் 2023 செப்டம்பர் 15-இல் காஞ்சிபுரத்தில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தை வைத்துப் பார்க்க வேண்டும். ‘உதவி’ என்ற சொல்லை விட்டு ‘உரிமை’ என்ற சொல்லைத் தலைப்பிலேயே வைத்தது இத்திட்டம். ஏறத்தாழ 1.63 கோடி விண்ணப்பங்கள் வந்தன, 1.06 கோடிக்கு மேற்பட்டோர் மாதம் 1,000 ரூபாய்க்குத் தேர்வாயினர். சுமார் 57 லட்சம் பேர் விடுபட்டனர். விடுபட்டோருக்குக் காரணம் செப்டம்பர் 18 முதல் குறுஞ்செய்தியாகச் சென்றது. முப்பது நாட்களுக்குள் இ-சேவை மையம் வழியாக வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்றும், அது முப்பது நாட்களில் முடிக்கப்படும் என்றும் அரசு அறிவித்தது. ஓ.ஏ.பி. காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய தாவல்தான். மறுப்புக்குக் காரணம், காரணத்துக்கு எதிராக மேல்முறையீடு, அதற்குக் காலவரை, தாசில்தாருக்கு மேலே ஓர் அலுவலர் என எல்லாம் முதன்முறையாக இவ்வளவு பெரிய அளவில் ஒன்றுசேர்ந்தன.

ஆனால் குறுஞ்செய்தியில் வந்தது காரணமா, காரணத்தின் தலைப்பு மட்டுமா? குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்கு மேல், நன்செய் ஐந்து ஏக்கர் அல்லது புன்செய் பத்து ஏக்கருக்கு மேல், ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின் பயன்பாடு, கார் உள்ள குடும்பம் என்பன போன்றவை விலக்கும் விதிகள். இவற்றை அரசு தன்னிடமுள்ள தரவுகளோடு ஒப்பிட்டும் கள விசாரணை செய்தும் பார்த்தது. ‘நான்கு சக்கர வாகனம் உள்ளது’ என்ற செய்தி எந்த வண்டி, எந்த எண், யார் பெயரில் என்பதைச் சொல்லாவிட்டால், அதை எதிர்கொள்பவர் இருட்டில் கல் எறிகிறார். வண்டியை விற்று ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாற்றாமல் விட்ட குடும்பம் இருக்கலாம். ஒரே மின் இணைப்பில் மூன்று குடித்தனம் இருக்கலாம். தனிக்குடித்தனம் போன பிறகும் ரேஷன் கார்டில் சம்பளக்கார மைத்துனர் பெயர் தொடரலாம். இவை மூன்றும் மூன்று வேறு ஆவணங்களால் தீரக்கூடிய பிழைகள். எது தன் பிழை என்று தெரிந்தால்தான் எந்த ஆவணத்தைக் கொண்டுபோவது என்று தெரியும். மேல்முறையீடு செய்பவர் முதலில் செய்ய வேண்டியது தகுதியை மீண்டும் ஒருமுறை விவரிப்பதன்று. மறுப்பு நிற்கும் அந்த ஒரு தரவைக் கண்டுபிடித்து அதை உடைப்பது. 1962-இல் ஆதரவின்மையை மெய்ப்பிக்கும் சுமை இருந்த இடத்தில், இப்போது கார் இன்மையை மெய்ப்பிக்கும் சுமை உட்கார்ந்திருக்கிறது. வடிவம் மாறியது, சுமை மாறவில்லை.

இதற்கு மூன்று மறுப்புகள் வரக்கூடும். முதலாவது, 57 லட்சம் பேருக்கு விரிவான காரணம் எழுதுவது நடக்கிற காரியமா என்பது. கையால் எழுத வேண்டுமானால் நடக்காது. ஆனால் முடிவு தரவிலிருந்து பிறக்கும்போது அந்தத் தரவு ஏற்கெனவே கணினியில் இருக்கிறது. வண்டி எண்ணையும் மின் இணைப்பு எண்ணையும் செய்தியில் சேர்ப்பதற்குக் கூடுதல் விசாரணை தேவையில்லை. இரண்டாவது, கர்ணத்தின் பாரபட்சத்தைவிடக் கணினி மேல் அல்லவா என்பது. மேல்தான், மறுப்பதற்கில்லை. கணினிக்குச் சாதி தெரியாது, கைநீட்டவும் தெரியாது. ஆயினும் கர்ணம் தவறு செய்தால் ஊருக்கு அது தெரியும். கணினியின் தவறு அதைச் சுமப்பவருக்கே தெரிவதில்லை. மூன்றாவது மறுப்பு சற்று வலுவானது: ஏற்கெனவே பெற்றுவரும் தொகையை நிறுத்துவது வேறு, புதிதாகக் கேட்பவரை மறுப்பது வேறு. அமெரிக்க உச்ச நீதிமன்றம்கூட 1970-இல் கோல்ட்பர்க் வழக்கில், நிறுத்துவதற்கு முன் விசாரணை வேண்டும் என்றதே தவிர, புதிய விண்ணப்பதாரரைப் பற்றி அவ்வாறு சொல்லவில்லை. உண்மை. ஆனால் தகுதிகளை வெளிப்படையாக அறிவித்து, அவற்றைக் கொண்டவர் எவராயினும் பெறுவார் என்று அரசே சொன்ன பிறகு, தகுதியுள்ள விண்ணப்பதாரரின் நிலை பெற்றுவருபவரின் நிலைக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. ‘உரிமை’ என்று பெயரிட்டவர் அந்தப் பெயரின் விலையையும் ஏற்க வேண்டும்.

எண்களும் இதையே காட்டுகின்றன. சுமார் 11.85 லட்சம் மேல்முறையீடுகள் வந்தன. 2023 நவம்பரில் இரண்டாம் கட்டமாக 7.35 லட்சம் பேர் புதிதாகச் சேர்க்கப்பட்டனர். இதை முறைமையின் வெற்றி என்று படிக்கலாம், அதில் பிழையில்லை. ஆனால் முதல் சல்லடை எவ்வளவு பேரைத் தவறாக ஒதுக்கியது என்பதற்கும் இதுவே சாட்சி. மேலும், விடுபட்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரே மேல்முறையீட்டுக்கு வந்திருக்கிறார். வராத நால்வரும் தகுதியற்றவர்கள் என்று எடுத்துக்கொள்ள எந்த ஆதாரமும் இல்லை. குறுஞ்செய்தியைப் படிக்க ஆளில்லாதவர்களும், கைபேசி எண் மாறியவர்களும், இ-சேவை மையத்துக்கு ஒருநாள் கூலியை விட்டுப் போக இயலாதவர்களும் அந்த எண்ணிக்கைக்குள்தான் இருக்க முடியும். 2025 ஜூலையில் தொடங்கிய ‘உங்களுடன் ஸ்டாலின்’ முகாம்களில் விடுபட்டோர் மீண்டும் விண்ணப்பிக்க வழி செய்யப்பட்டது. நல்ல ஏற்பாடு, ஆனால் வரலாற்று நோக்கில் அது பழைய மறுமனுவுக்கு ஒரு திரும்பல். புது விண்ணப்பம் பழைய மறுப்பு சரியா தவறா என்று சொல்வதில்லை. தவறான மறுப்பால் இழந்த மாதங்களின் தொகையையும் திருப்பித் தருவதில்லை.

கடைசியாக ஒரு சட்ட வேறுபாடு. மகளிர் உரிமைத் தொகையும் அதன் மேல்முறையீட்டுக் காலவரையும் அரசாணையில் நிற்பவை, சட்டமன்றம் இயற்றிய சட்டத்தில் அல்ல. மத்தியப் பிரதேசம் 2010-இல் பொதுச் சேவை உத்தரவாதச் சட்டத்தை இயற்றியபோது, குறித்த நாளுக்குள் சேவை தராத அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 5,000 ரூபாய் அபராதம் என்று எழுதிவைத்தது. ராஜஸ்தான் 2012-இல் குறை கேட்கப்படும் உரிமைக்கென்றே தனிச்சட்டம் கொண்டுவந்தது. உரிமைத் தொகைக்கான மேல்முறையீடுகள் கோட்டாட்சியர் அலுவலகங்களில் குவிந்த 2023 அக்டோபரில், தமிழ்நாட்டில் அத்தகைய சட்டம் எதுவும் இல்லை.