அழியாத பழைய தடம்: மன அசைபோடலும் நரம்பு நெகிழ்வும்

இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. அண்ணன் வீட்டுப் புதுமனை புகுவிழாவில் அண்ணி முகங்கொடுத்துப் பேசவில்லை. 'ஏன் என்னிடம் மட்டும் இப்படி?' என்று தொடங்கும் கேள்வி, பத்து வருடத்து மனத்தாங்கல்களை எல்லாம் இழுத்துவந்து விடியும்வரை உலுக்குகிறது. மறுநாள் இரவும் அதே நேரம், அதே தலையணை, அதே கேள்வி. உளவியலார் இதை 'அசைபோடல்' என்கின்றனர். இவ்வாறு அசைபோடுவோருக்கு மனச்சோர்வு நீண்டு நிற்கிறது என்று சூசன் நோலன்-ஹோக்செமா 1991 முதல் காட்டிவந்தார். எட்வர்டு வாட்கின்ஸும் அவரும் 2014இல் ஒரு படி மேலே சென்று, இது ஒரு பழக்கம் என்றே வாதிட்டனர். நினைக்க வேண்டும் என்று யாரும் முடிவெடுப்பதில்லை. தாழ்ந்த மனநிலை என்ற தூண்டுதல் வந்ததும் எண்ணம் தானாக ஓடத் தொடங்குகிறது.

பழக்கம் என்றால் மாற்றலாம். ஆனால் எவ்வாறு? மூளை நெகிழ்வுடையது, ஆகவே கெட்ட பழக்கத்தை 21 நாளில் அழித்து எழுதிவிடலாம் என்ற பேச்சு இன்று எங்கும் கேட்கிறது. மாற்றம் மெய், அழித்தல் பொய் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

21 நாள் கணக்கின் பிறப்பிடம் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் 1960இல் எழுதிய நூல். அவர் ஒப்பனை அறுவை மருத்துவர். புதிய முகம் நோயாளிக்குப் பழகக் குறைந்தது அத்தனை நாள் ஆகிறது என்று கண்டதைத்தான் சொன்னார். லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்து நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தன்னியல்பாவதற்கான இடைநிலை அளவு 66 நாள். ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாள்வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறியது பழக்கத்தைக் குலைக்கவில்லை. அதுவும் பழம் உண்பது, தண்ணீர் குடிப்பது போன்ற எளிய செயல்களுக்கு. நள்ளிரவு எண்ணச் சுழலுக்கு அந்த நாள்கணக்கைக்கூட அப்படியே பொருத்த முடியாது.

பழைய பழக்கத்துக்கு என்ன நேர்கிறது என்பதுதான் மையக் கேள்வி. ஆன் கிரேபியல் குழுவினர் 2012இல் வெளியிட்ட எலிச் சோதனை இங்கே பெரிதும் உதவுகிறது. சாக்லேட் பாலைத் தேடி ஓடப் பழகிய எலிகளுக்கு அந்தப் பாலே குமட்டும்படி செய்தார்கள். அப்போதும் அவை அதே பக்கம் ஓடின. நெற்றிப்புற மூளையின் ஒரு சிறு பகுதியை ஒளியால் அடக்கியதும் அந்த ஓட்டம் நின்றது. மெல்ல ஒரு புதுப் பழக்கம் படிந்தது. அதே பகுதியை மீண்டும் அடக்கினார்கள். புதியது மறைந்து, பழையது உடனே திரும்பி வந்தது. அது அழியவே இல்லை, அடங்கிக் கிடந்திருக்கிறது. பாவ்லவின் நாய்களிடம், அணைந்துபோன எதிர்வினை சில காலம் கழித்துத் தானே தலைதூக்கியதும் இதே சேதிதான்.

நினைவை மீட்டெடுக்கும் வேளையில் அது இளகுகிறது, அப்போது அதையே திருத்திவிடலாம் என்பது எதிர்வாதம். கரீம் நாடர் முதலியோர் 2000இல் எலிகளில் அதைக் காட்டினர். ஆனால் மனிதரில் அம்முடிவு ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. அதை நம்பிச் சிகிச்சைக்கு உறுதிமொழி தருவது அவசரம்.

எனவே செய்யக்கூடியது, பழைய தடத்தின் அருகே இன்னொன்றை நடந்து நடந்து பதிப்பது. வாட்கின்ஸ் வகுத்த பயிற்சி, 'ஏன்' என்ற கேள்வியைக் குறிப்பான கேள்வியாக மாற்றச் சொல்கிறது: அண்ணி அன்று சரியாக என்ன சொன்னார்? நாளை காலை நான் அவரிடம் எதைக் கேட்கலாம்? இது எந்தத் தலையணையில் எண்ணம் எழுகிறதோ அங்கேயே பழகப்பட வேண்டும். பகலில், ஆலோசகர் அறையில் மட்டும் பழகியது இரவில் துணைக்கு வராமல் போகலாம். கற்றல் சூழலோடு ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது.

பலன் இல்லாமல் இல்லை. எழும் எண்ணத்தைப் பின்தொடராமல் கவனிக்கப் பழக்கும் எட்டு வாரப் பயிற்சியை ஜான் டீஸ்டேல் குழுவினர் சோதித்து 2000இல் வெளியிட்டனர். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட முறை மனச்சோர்வுக்கு ஆளானவர்களில், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றோரில் 66 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியது. பயிற்சியும் பெற்றோரில் 37 விழுக்காட்டினருக்கே. ஆனால் இவ்வகைப் பயிற்சி எட்டு வாரத்தில் மூளையின் வடிவையே மாற்றிவிடும் என்ற பிரபலமான கூற்றுக்கு, 200க்கு மேற்பட்டோரை ஆராய்ந்த 2022ஆம் ஆண்டு விஸ்கான்சின் ஆய்வில் ஆதாரம் கிடைக்கவில்லை. நலம் கிடைப்பதற்கு மூளைப் படத்தில் தெரியும் வளர்ச்சி தேவையில்லை என்றே நான் கொள்கிறேன்.

ஆகவே ஆலோசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய எண்ணம் ஒரு நாள் திரும்பி வரும் என்பதை முதல் அமர்விலேயே சொல்லிவிடுங்கள். 21 நாள் வாக்குறுதியை நம்பியவர் 22ஆம் நாள் இரவு விழித்துக்கொண்டால், குறை தன்னிடம்தான் என்று எண்ணிப் பயிற்சியையே விட்டுவிடுவார்.