வேதாகம ஏவுதல் விவாதம் (ஹைதராபாத்)

வேதாகமத்தின் ஒவ்வொரு சொல்லும் தேவ ஆவியால் அருளப்பட்டதா, மனித ஆசிரியரின் பங்கு அதில் எவ்வளவு என்பது இந்திய சுவிசேஷ சபைகளின் பழைய விவாதம். ஹைதராபாத்தில் அதன் இரு முனைகளையும் காணலாம். கனடாவில் புதிய ஏற்பாட்டை வாசித்து 1929-இல் மனந்திரும்பிய பொறியாளர் பக்த் சிங் (1903–2000) இங்கே எப்ரோன் சபையை நிறுவினார். வேதம் முழுவதும் தேவனுடைய வார்த்தை என்பதே அவர் போதனையின் அடித்தளம். மறுமுனையில், 1964-இல் ராஜமுந்திரியில் தொடங்கி இந்நகருக்கு வந்த ஆந்திர கிறிஸ்தவ இறையியல் கல்லூரி செராம்பூர் கல்லூரியின் பாடத்திட்டத்தைப் பின்பற்றுவது. ஐந்தாகமங்களை மோசேதான் எழுதினாரா, ஏசாயாவுக்கு ஆசிரியர் ஒருவர்தானா என்ற வரலாற்றுத் திறனாய்வுக்கு அங்கே இடமுண்டு. சுவிசேஷ அறிஞர்களின் 1978-இன் சிகாகோ அறிக்கை வேதாகமத்தின் பிழையின்மையை வலியுறுத்தியது. ஆயினும் ஆசிரியர் யார் எனக் கேட்பதையே அவிசுவாசமாக எண்ணுவது தவறு. எபிரெயர் நிருபம் தன் ஆசிரியரின் பெயரைச் சொல்வதில்லை. இரு தரப்பும் அதை வேதமாகவே ஏற்கின்றன.