பறிமுதல் செய்த கேசட்டும் பெயரில்லாத பெட்டியும்

பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையில் 150 ரூபாய்க்கு ஒரு பழைய வீடியோ கேம் பெட்டி வாங்கினேன். "இந்த வயசுல உங்களுக்கு இது எதுக்கு?" என்று வீட்டில் கேட்டார்கள். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

பார்வைக்குச் சோனி பிளேஸ்டேஷன் மாதிரியே இருக்கிறது. வட்ட மூடியைத் திறந்தால் சிடி வைக்க இடமில்லை, கேசட் செருகும் துளைதான் இருக்கிறது! செய்தவர் பெயர், ஊர், வருடம் எதுவும் இல்லை. தேதி இல்லாத கல்வெட்டுக்கு எழுத்தின் வடிவத்தை வைத்துக் காலம் கணிப்பார்கள் என்று வகுப்பில் சொல்வேனே, அதையே இதற்கும் செய்தேன்.

முதல் சாட்சி, உறை. பிளேஸ்டேஷன் ஜப்பானில் வெளிவந்தது 1994 டிசம்பரில். அதைப் பார்த்துச் செய்த உறை அதற்குப் பிந்தியதுதான்.

இரண்டாவது, துளை. 60 பின். 1983-ல் ஜப்பானில் நின்டெண்டோ வெளியிட்ட ஃபாமிகாமின் அளவு இது. அமெரிக்காவில் விற்றதற்கு 72 பின். நம் நாட்டில் சாமுராய், மீடியா என்ற பெயர்களில் விற்றவையும் இந்த வம்சம்தான். ரஷ்யாவில் டெண்டி, போலந்தில் பெகாசஸ்.

மூன்றாவது, உட்புறம். பழைய நகல்கள் பலவற்றில் தைவானின் யூஎம்சி நிறுவனச் சிப்கள் எண்ணோடு இருக்கும். என் பெட்டியில் எண்ணே இல்லை. எல்லாம் ஒரே சிப்பில் அடங்கி, மேலே தார்ச்சொட்டு போல ஒரு கறுப்புப் பொட்டு. விலையைக் குறைக்க வந்த பிற்கால வழி.

நான்காவது சாட்சி நம்ம ஊருக்கே உரியது. பிரான்சின் டிவி முறை வேறு. அங்கிருந்து உறவினர் கொண்டுவந்த பெட்டி என்றால், பெரும்பாலும் 21 பின் உள்ள அகலமான வயர் இருக்கும். இதில் சாதாரண ஆன்டெனா வயர்தான். ஆக, இது பாரிசிலிருந்து வந்ததல்ல.

வெளிவராத ஒரு கருவியின் கதையும் உண்டு. நின்டெண்டோவும் சோனியும் சேர்ந்து கேசட், சிடி இரண்டும் போடக்கூடிய பெட்டியை உருவாக்கின. 1991-ல் கூட்டு முறிந்தது. அந்த மாதிரிப் பெட்டி ஒன்று 2009-ல் அமெரிக்காவில் பழைய சாமான்களோடு 75 டாலருக்கு ஏலம் போனது. அது என்னவென்று உலகம் அறிந்தது 2015-ல். 2020 மார்ச்சில் 3,60,000 டாலருக்கு விற்றது! பரணில் கிடந்தவரை அதுவும் குப்பைதான்.

இனி காரணம். 90களின் கடைசியில் ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவனிடமிருந்து "9999 இன் 1" என்று ஒட்டிய மஞ்சள் கேசட்டைப் பிடுங்கினேன். "வருஷக் கடைசியில் தருகிறேன்" என்றேன். தரவில்லை. ஓய்வு பெற்றபோது மேஜை டிராயரிலிருந்து அதுவும் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. நேற்று இந்தப் பெட்டியில் செருகினேன், ஓடுகிறது. 9999 எல்லாம் பொய். சில விளையாட்டுகளே பெயர் மாறித் திரும்பத் திரும்ப வருகின்றன.

தம்பி, பெயரைப் போட மாட்டேன். உனக்கே தெரியும். வந்து வாங்கிக்கொள். அன்று உன் அழுகையை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, மன்னித்துவிடு.

மற்றவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். பொங்கலுக்குப் பரண் ஒழிக்கும்போது இப்படிப் பெட்டி கிடைத்தால், பழைய சாமான்காரருக்குப் போடும் முன் அடிப்பக்கத்தையும் உட்புறத்தையும் படம் எடுங்கள். எங்கே, எந்த வருடம், யார் வாங்கித் தந்தார்கள் என்றும் எழுதிவையுங்கள். செய்தவன் பெயர் போடவில்லை. விளையாடிய உங்கள் நினைவுதான் இதற்குக் கல்வெட்டு.

அன்புடன்,
உங்கள் சார்