நாகர்கோயில் பாராளுமன்றத் தொகுதி: மறைந்த ஒரு பெயரின் வரலாறு

சாலைக் கடைத்தெருவிலிருந்து தெற்கே செல்லும் நெடுவழி கரமனை, நெய்யாற்றின்கரை, மார்த்தாண்டம், தக்கலை கடந்து நாகர்கோயிலை அடைகின்றது. திவான் ராஜா கேசவதாஸ் இக்கடைத்தெருவை அமைத்த காலந்தொட்டு நாஞ்சில் நாட்டு நெல்லும், நெல்லோடு நம்மவரும் வந்த வழி இதுவே. அவ்வூரின் பெயரால் விளங்கிய பாராளுமன்றத் தொகுதி இன்றில்லை. அது தோன்றி மறைந்த வரலாறு, மொழிவழி மாநிலம் அமைந்த வரலாற்றோடு பிணைந்ததாகலின், நம் இளையோர் அறியத்தக்கதாகும்.

தொகுதிகள் மறைவது உலகிற்குப் புதிதன்று. 1801இல் அயர்லாந்து பிரிட்டனோடு இணைக்கப்பட்டபோது, டப்ளின் சபையின் 300 இடங்களுக்கு ஈடாக லண்டன் சபையில் 100 இடங்களே கிடைத்தன. எண்பதுக்கு மேற்பட்ட சிற்றூர்த் தொகுதிகள் ஒழிந்தன. அவற்றிற் பலவற்றில் வாக்காளர் மிகச் சிலரே; உறுப்பினரை நியமித்தவர் உள்ளூர்ப் பிரபு. ஆகவே ஒழிந்த தொகுதி ஒவ்வொன்றிற்கும் 15,000 பவுன் நட்ட ஈடு பிரபுக்களுக்கே சென்றது. வாக்காளனை எவரும் கேட்டாரில்லை! நாகர்கோயிலின் கதை வேறு.

திருவிதாங்கூரில் சட்டசபை 1888இலேயே தோன்றியதெனினும், வயது வந்தோர் யாவரும் வாக்களித்த முதற் தேர்தல் 1948இல்தான் நடைபெற்றது. தென்பகுதித் தமிழ்ப் பிரதேசங்களைத் தமிழகத்தோடு இணைக்க வேண்டுமென்ற திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் அத்தேர்தலில் 14 இடங்களைப் பெற்றது. அவ்வியக்கத்தின் தலைவர்களுள் முதன்மையானவர் நாகர்கோயில் வழக்கறிஞர் ஏ. நேசமணி.

1951–52ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் திருவிதாங்கூர்–கொச்சி இராச்சியத்தின் தொகுதிகளுள் ஒன்றாக நாகர்கோயில் அமைந்தது. நேசமணி வென்று டில்லி சென்றார். சாலைவாசிகள் வாக்களித்த திருவனந்தபுரம் தொகுதியிலோ, சுயேச்சையாக நின்ற ஆனி மஸ்கரீன் அம்மையார் வென்றார். ஒரே நெடுவழியின் இரு முனைகளிலும் தேசிய காங்கிரசுக்கு வெற்றியில்லை. இதனைத் தற்செயல் என்று கொள்ள எமக்கு மனம் வரவில்லை. தெற்கே அன்றைய வினா ஆட்சியைப் பற்றியதன்று. எந்த மாநிலத்தில் வாழ்வது என்பதே.

அவ்வினாவிற்கு விலையாக உயிர்களும் சென்றன. 1954 ஆகஸ்டு 11ஆம் நாள், பட்டம் தாணு பிள்ளை முதலமைச்சராயிருந்த காலத்தில், மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீசார் சுட்டதில் தமிழர் மாண்டனர். 1955இல் மாநிலச் சீரமைப்புக் குழு அறிக்கை தந்தது. 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுக்காக்களும், செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. கேட்கப்பட்டவற்றுள் தேவிகுளம், பீர்மேடு, நெய்யாற்றின்கரை கிடைக்கவில்லை. எல்லை களியக்காவிளையில் விழுந்தது. உறவினர் அப்புறமும் கடை இப்புறமுமாக நின்ற குடும்பங்கள் நம் காலனியில் எத்தனை என்பதை இம்மலரைப் படிப்போரே அறிவர்.

தொகுதி இராச்சியம் மாறியது, பெயர் மாறவில்லை. 1957இல் பி. தாணுலிங்க நாடாரும், 1962, 1967 ஆண்டுகளில் மீண்டும் நேசமணியும் வென்றனர். 1968இல் நேசமணி மறைந்தார். முந்திய ஆண்டுதான் காமராஜர் விருதுநகரில் 1,285 வாக்குகளில் தோற்றிருந்தார். சொந்த ஊர் கைவிட்டவரை 1969 ஜனவரி இடைத்தேர்தலில் நாகர்கோயில் ஏற்றுக்கொண்டது. 1971இல் அவருடைய ஸ்தாபனக் காங்கிரஸ் தமிழ்நாட்டில் பெற்ற ஒரே பாராளுமன்ற இடமும் இதுவே. நாட்டிற்கு இருமுறை பிரதமரைத் தேடித் தந்தவர், 1975இல் மறையும்வரை இத்தொகுதியின் உறுப்பினராகவே இருந்தார். இதனினும் பெரிய பெருமை அத்தொகுதிக்கு இல்லையென்பது எம் கருத்து.

பின்னர் 1977இல் குமரி அனந்தன் வந்தார். 1980 முதல் 1998 வரை என். டென்னிஸ் ஆறு முறை வென்றார். கடைசி இரு முறை தமிழ் மாநில காங்கிரசின் சார்பில். 1999இல் பொன். இராதாகிருஷ்ணனும், 2004இல் மார்க்சிஸ்டு கட்சியின் ஏ. வி. பெல்லார்மினும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். பெல்லார்மினே இறுதி உறுப்பினர்.

2008ஆம் ஆண்டின் தொகுதிச் சீரமைப்பில் நாகர்கோயில் என்ற பெயர் பாராளுமன்றப் பட்டியலிலிருந்து நீங்கி, கன்னியாகுமரித் தொகுதி பிறந்தது. திருவட்டாறு சட்டமன்றத் தொகுதியும் உடன் மறைந்தது. அதுவரை, மாவட்டத்தின் தென்முனையிலுள்ள கன்னியாகுமரிச் சட்டமன்றத் தொகுதியினர், விந்தையாக, திருச்செந்தூர்ப் பாராளுமன்றத் தொகுதிக்கே வாக்களித்து வந்தனர். 2009இல்தான் குமரி மாவட்டத்தின் ஆறு சட்டமன்றத் தொகுதியினரும் ஒரே உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தனர்.