ஹைப்ளேயிடே

இரவில் பறக்கும் சிறிய அந்துப்பூச்சிக் குடும்பம். பெயர்பெற்ற இனம், 1777-இல் கிராமர் விவரித்த ஹைப்ளேயா பூவரா: முன்சிறகு பழுப்பு, கரும் பின்சிறகில் ஆரஞ்சுத் திட்டுகள். புழு இலை விளிம்பை மடித்து இழையால் ஒட்டி, உள்ளிருந்தபடியே நரம்புகளை விட்டுவிட்டு மற்றதைத் தின்னும். நிலம்பூர்த் தேக்குத் தோட்டங்களில் இளமரங்களின் வளர்ச்சியில் 44 விழுக்காடு இதனால் குறைவதைக் கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் கண்டறிந்தது. இப்புழுவைத் தாக்கும் வைரஸையே தெளிக்கும் முறையையும் அது உருவாக்கியது. பூச்சிக்கொல்லியைவிட அதுவே நல்ல வழி.

தேக்கில்லாத கடலோரத்திலும் இதற்கு உணவுண்டு. மும்பைக் கழிமுகங்களில் வெண்கண்டல் என்னும் அலையாத்தி மரங்களை மொட்டையடித்திருக்கிறது; அவை மீண்டும் துளிர்க்கும். வடசென்னையில் சடையங்குப்பத்தை அடுத்த எண்ணூர்க் கழிமுகத்திலும் வெண்கண்டல் நிற்கிறது. அனல்மின் நிலையச் சாம்பலையும் 2023 டிசம்பர் எண்ணெய்க் கசிவையும் தாங்கிய சேறு அது. அதனால் இப்புழு வருகிறதா என அங்கே இலைகளைக் கவனித்துவருவது அவசியம்.